சினைப்பையில் கட்டி: வேர் எங்கே இருக்கிறது?



நம் வயலில் ஒரு பார்த்தீனியச் செடி முளைத்திருக்கிறது. நாம் அதை விதைக்கவில்லை. மேட்டு நிலத்திலிருந்து வாய்க்கால் தண்ணீரோடு விதை வந்து நம் வயலில் தங்கிவிட்டது. முளைத்த செடியைப் பிடுங்கிப் போட்டால் மட்டும் போதுமா? விதை எங்கிருந்து வந்தது என்று பார்க்காவிட்டால் அடுத்த தண்ணீருக்கு மறுபடியும் முளைக்கும். இது விவசாயம் செய்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பெண்களின் சினைப்பையிலும் சில சமயம் இப்படி நடப்பதுண்டு. உடம்பில் வேறு ஓர் இடத்தில் தோன்றிய புற்றுநோய் சினைப்பைக்கு வந்து அங்கே கட்டியாக வளர்கிறது. ஸ்கேனில் தெரிவது சினைப்பைக் கட்டி. ஆனால் அதன் வேர் இரைப்பையிலோ, குடலிலோ, மார்பகத்திலோ இருக்கிறது. இதைப் பற்றி நம் ஊர்களில் அதிகம் பேசுவதில்லை. தெரியாததால் வீண்பழியும் வீண்செலவும் காலதாமதமும் நேர்கின்றன. ஆகவே கணவனும் மனைவியும் சேர்ந்து இதைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஒரு குடும்பத்தின் கதை

விளக்குவதற்காக ஒரு கதை சொல்கிறோம்.

ஒரு ஊரில் ஒரு தம்பதி. கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. இரண்டாவது பிரசவத்தோடு அந்த அம்மாள் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டார். இப்போது அவருக்கு வயது 39.

ஆறு மாதமாக அவருக்குச் சரியாகப் பசி எடுப்பதில்லை. இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். மேல் வயிற்றில் ஒரு வலி வந்து வந்து போகும். சீரகத் தண்ணீர் குடித்தார். கடையில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். நடவு வேலை, மாடு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்று இருந்ததில் தன் வயிற்றைப் பற்றி நினைக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அடிவயிறு உப்ப ஆரம்பித்தது. கை, கால், முகம் எல்லாம் மெலிந்து போக, வயிறு மட்டும் பெருத்தது. பக்கத்து வீட்டுப் பெண், "என்னக்கா, மறுபடியும் முழுகாம இருக்கீங்களா?" என்று கேட்டாள். மாமியாரோ, "அன்னைக்கே சொன்னேன், அந்த ஆபரேஷன் வேணாம்னு. யார் கேட்டீங்க?" என்று சொல்லிவிட்டார். இந்தப் பேச்சுக்குப் பயந்தே அந்த அம்மாள் சேலையை இழுத்து மூடிக்கொண்டு வெளியில் போவதைக் குறைத்துக்கொண்டார்.

கிராம சுகாதார செவிலியர் வீட்டுப் பக்கம் வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"என்னக்கா, வயிறு இப்படி இருக்கு? எத்தனை நாளா?"

"ஒரு மாசமா இருக்கும் நர்ஸம்மா. ஆபரேஷன் பண்ணின கோளாறுன்னு அத்தை சொல்றாங்க."

"ஆபரேஷன் பண்ணிப் பதினோரு வருஷம் ஆச்சேக்கா! அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாளைக்கே அண்ணனையும் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. தள்ளிப் போடாதீங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு சினைப்பையிலும் கட்டி. வயிற்றுக்குள் நீரும் கோத்திருந்தது. டாக்டரம்மா மாதவிலக்கைப் பற்றி விசாரித்தார். பிறகு, "சாப்பாடு எப்படிம்மா இறங்குது?" என்று கேட்டார். அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. அடிவயிற்றுக்குக் காட்ட வந்த இடத்தில் சாப்பாட்டைப் பற்றி எதற்குக் கேட்கிறார்கள் என்று நினைத்தார். கணவர்தான் வாயைத் திறந்தார்.

"அவ நல்லா சாப்பிட்டே ஆறு மாசம் ஆச்சு டாக்டர். நான் வேலை அலுப்புன்னு நினைச்சுட்டேன்."

இந்த ஒரு வார்த்தை டாக்டருக்கு வழிகாட்டியது. மறுநாளே வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார்கள். வேர் அங்கே இருந்தது.

சினைப்பை என்பது என்ன?

பெண்ணின் அடிவயிற்றில் கர்ப்பப்பைக்கு வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக இரண்டு சினைப்பைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். மாதந்தோறும் சினைமுட்டை முதிர்ந்து வெளிவருவது இங்கிருந்துதான். மாதவிலக்கை ஒழுங்குபடுத்தும் சுரப்புநீர்களும் இங்கேதான் உண்டாகின்றன. சினைப்பையிலிருந்து முட்டையை வாங்கிக் கர்ப்பப்பைக்குக் கொண்டு சேர்ப்பது கருக்குழாய். பெண்களுக்குச் செய்யும் கருத்தடை ஆபரேஷனில் இந்தக் கருக்குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். சினைப்பையைத் தொடுவதில்லை.

வேறிடத்துப் புற்று இங்கே எப்படி வருகிறது?

நம் உடம்பு கோடிக்கணக்கான நுண்ணிய செல்களால் ஆனது. பழைய செல் அழிய, புதிய செல் தோன்ற, எல்லாம் ஓர் ஒழுங்கில் நடக்கும். அந்த ஒழுங்கு கெட்டு, சில செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே புற்றுநோய். இந்தச் செல்கள் தோன்றிய இடத்திலேயே நிற்பதில்லை. பிரிந்து வேறு இடங்களுக்கும் போகக்கூடியவை.

சினைப்பைக்கு அவை மூன்று வழியில் வரலாம். முதலாவது நிணநீர்ப் பாதை. இரத்தக் குழாய்களைப் போலவே உடம்பெங்கும் நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. இரைப்பைப் புற்று பெரும்பாலும் இந்த வழியில்தான் சினைப்பைக்கு வருகிறது என்பது மருத்துவர்களின் கருத்து. இரண்டாவது இரத்த ஓட்டம். மூன்றாவது வயிற்றுக்குள்ளேயே உதிர்ந்து விழுவது. இரைப்பையின் அல்லது குடலின் சுவரைத் துளைத்து வெளியே வந்த செல்கள், வயிற்றறையில் இயல்பாக உள்ள சிறிதளவு நீரில் மிதந்து கீழே இறங்கிச் சினைப்பையின் மேல் படிந்துவிடலாம்.

மாதவிலக்கு நிற்காத வயதில் சினைப்பைக்கு இரத்த ஓட்டம் அதிகம். அதனால் இப்படிப் பரவி வரும் கட்டி 40 வயதை ஒட்டிய பெண்களிடமும், அதற்கும் இளைய பெண்களிடமும் காணப்படுகிறது. "கேன்சர் வயசானவங்களுக்குத்தானே வரும்" என்று இருந்துவிடக் கூடாது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். சினைப்பையில் காணும் புற்றுக்கட்டிகளில் பெரும்பாலானவை சினைப்பை, கருக்குழாய்ப் பகுதியிலேயே தோன்றியவைதான். ஒரு பகுதி மட்டுமே வெளியிலிருந்து வந்தவை. ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஆகவே எது என்று தெரிந்துகொள்வது மிக மிக முக்கியம்.

டாக்டர்களே ஏமாந்த கட்டி

1896-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு டாக்டர் பிரெடரிக் குருக்கன்பெர்க் என்பவர் சினைப்பையில் ஒரு விசேஷமான கட்டியைப் பற்றி எழுதினார். அது சினைப்பையிலேயே தோன்றும் ஒரு புதுவகைக் கட்டி என்று அவர் நினைத்தார். 1902-ஆம் ஆண்டில் ஷ்லாகன்ஹவுபர் என்னும் டாக்டர் அதை ஆராய்ந்து, இந்தக் கட்டி வேறு உறுப்பிலிருந்து, குறிப்பாக இரைப்பையிலிருந்து, வந்து சேர்வது என்று விளக்கினார். இன்றும் இதைக் குருக்கன்பெர்க் கட்டி என்றே அழைக்கிறார்கள்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இந்தக் கட்டியின் செல்கள் முத்திரை மோதிரம் போல் தெரியும். செல்லுக்குள் கோழை போன்ற பொருள் நிரம்பி, நடுவில் இருக்க வேண்டிய கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடுவதால் இந்த வடிவம்.

கண்டுபிடித்த டாக்டரே முதலில் ஏமாந்திருக்கிறார் என்றால், வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் "பக்கத்து வீட்டம்மாவுக்கும் இதே மாதிரிதான் இருந்தது" என்று நாமாக முடிவுகட்டக் கூடாது என்கிறோம்.

எந்தெந்த உறுப்பிலிருந்து வரும்?

இந்த மோதிர வடிவச் செல் கட்டிகள் பெரும்பாலும் இரைப்பையிலிருந்து வருபவை. பெருங்குடல், குடல்வால், மார்பகம் ஆகியவற்றிலிருந்து வருவதும் உண்டு. பித்தப்பை, கணையம் முதலியவற்றிலிருந்து வருவது குறைவு. குடலில் தோன்றிப் பரவும் புற்று மோதிர வடிவம் இல்லாமலும் சினைப்பைக்கு வரலாம்.

இப்படி வரும் கட்டி பெரும்பாலும் இரண்டு சினைப்பையிலும் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் இருப்பதும் உண்டு. இன்னொரு சங்கடம் என்னவென்றால், வேர் சிறியதாகவும், சினைப்பைக் கட்டி பெரியதாகவும் இருக்கலாம். இரைப்பையில் ஒரு காசு அளவு புண்ணாக இருக்கும்போதே, சினைப்பையில் தேங்காய் அளவுக்கு வளர்ந்துவிடலாம். அதனால் முதலில் வெளியே தெரிவது சினைப்பைக் கட்டியாகவே இருக்கும்.

என்னென்ன அறிகுறிகள்?

அடிவயிற்றில் தெரிபவை:

வயிறு உப்புதல், சேலையும் பாவாடை நாடாவும் இறுக்குதல். அடிவயிற்றில் கனம் அல்லது வலி. அடிக்கடி சிறுநீர் கழித்தல். மாதவிலக்கு தாறுமாறாதல், இடையில் உதிரம் படுதல், மாதவிலக்கு நின்றுபோன பின் மறுபடி உதிரம் காணுதல். உடம்பு மெலிய வயிறு மட்டும் பெருத்தல். சிலருக்கு மட்டும் முகத்தில் ரோமம் வளர்தல், குரல் கரகரப்பாக மாறுதல்.

வேர் இருக்கும் இடத்தில் தெரிபவை:

இரைப்பை என்றால், பசி மந்தம், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைதல், மேல் வயிற்று வலி, விடாத வாந்தி, தார் போலக் கறுப்பாக வெளிக்குப் போதல். குடல் என்றால், மலத்தில் இரத்தம், சில நாள் மலச்சிக்கல் சில நாள் பேதி என மாறி மாறி வருதல், காரணம் தெரியாத இரத்தசோகை. மார்பகம் என்றால், கையில் தட்டுப்படும் கட்டி, காம்பு உள்ளிழுத்தல், காம்பில் கசிவு, தோல் சுருங்குதல்.

இவற்றில் எது இருந்தாலும் புற்றுநோய்தான் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் சாதாரணக் கோளாறாகவே இருக்கும். ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். இரத்த வாந்தியோ கறுப்பு மலமோ கண்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

தம்பதியர் கேட்கும் சந்தேகங்கள்

கேள்வி: கருத்தடை ஆபரேஷன் செய்ததால்தான் சினைப்பையில் கட்டி வருகிறதா?

பதில்: இல்லவே இல்லை. கருத்தடை ஆபரேஷன் புற்றுநோயை உண்டாக்குவதில்லை. உண்மையில், அந்த ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் குறைவு என்றே ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆனால் வேறு உறுப்பிலிருந்து பரவி வருவதை அது தடுக்காது. ஆபரேஷன் மேல் பழி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், உண்மையான நோய் வளர்ந்துகொண்டே போகும். காப்பர்-டி போட்டதாலும் இந்த நோய் வராது.

கேள்வி: எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது. இனி இந்தக் கவலை இல்லைதானே?

பதில்: கர்ப்பப்பையை எடுக்கும்போது சினைப்பையை விட்டுவைப்பது உண்டு. உங்களுக்கு எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பது டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்கேனில் நீர்க்கட்டி என்று சொல்லிவிட்டார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டாம். பிள்ளை பெறும் வயதில் சினைப்பையில் காணும் நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. பல, தானாகவே சில மாதங்களில் மறைந்துவிடும். டாக்டர் மறுபடி ஸ்கேனுக்கு வரச் சொன்னால் அந்தத் தேதியில் தவறாமல் போனால் போதும். ஆனால் இரண்டு பக்கமும் கெட்டியான கட்டி, கூடவே வயிற்றில் நீர் என்றால், உடனே முழுப் பரிசோதனை வேண்டும்.

கேள்வி: முழுகாமல் இருக்கும் பெண்ணுக்கும் இது வருமா?

பதில்: மிக அபூர்வம். ஆனால் வந்தால் கண்டுபிடிப்பது கடினம். ஏனென்றால் வாந்தியை மசக்கை என்றும், வயிறு பெருத்ததைப் பிள்ளை வளர்கிறது என்றும் நினைத்துவிடுவோம். மசக்கை வாந்தி பெரும்பாலும் ஐந்தாம் மாதத்துக்குள் நின்றுவிடும். அதற்குப் பிறகும் சாப்பாடு தங்காமல், எடை ஏறாமல், மேல் வயிறு வலித்தால் செவிலியரிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: கணவன் மனைவி சேர்ந்திருந்தால் தொற்றிக்கொள்ளுமா? ஒரே தட்டில் சாப்பிடலாமா?

பதில்: புற்றுநோய் தொத்துநோய் அல்ல. தொட்டால் வராது. சேர்ந்து சாப்பிட்டால் வராது. தாம்பத்திய உறவால் இந்த நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. நோயுற்ற பெண்ணுக்குத் தனித் தட்டு, தனிப் பாய் கொடுப்பது அவர் மனதை உடைக்கும். அதனால் யாருக்கும் எந்த நன்மையும் இல்லை.

என்ன பரிசோதனைகள் செய்வார்கள்?

முதலில் டாக்டர் கையால் வயிற்றையும் மார்பகத்தையும் பார்ப்பார். உள்பரிசோதனையும் செய்வார். பிறகு ஸ்கேன். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன். சி.ஏ. 125, சி.இ.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனைகளும் செய்வதுண்டு. ஆனால் ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ மட்டும் வைத்து, கட்டி அங்கேயே தோன்றியதா, வெளியிலிருந்து வந்ததா என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

அதனால் இரைப்பையை வாய் வழியாகவும், பெருங்குடலை ஆசனவாய் வழியாகவும் விளக்குப் பொருத்திய குழாய் விட்டுப் பார்ப்பார்கள். முன்னதற்கு எண்டோஸ்கோபி என்றும், பின்னதற்குக் கொலோனோஸ்கோபி என்றும் பெயர். மார்பகத்தை எக்ஸ்ரே போன்ற மேமோகிராம் கொண்டு பார்ப்பார்கள். சந்தேகமான இடத்தில் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். வயிற்றில் கோத்த நீரையும் ஊசியால் எடுத்துச் சோதிப்பார்கள். சதையில் விசேஷச் சாயங்கள் ஏற்றிப் பார்த்தால், இந்தச் செல் எந்த உறுப்பிலிருந்து வந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

"சதை எடுத்தால் நோய் பரவிவிடும்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அதைக் கேட்டுப் பரிசோதனையை மறுக்காதீர்கள். சதைப் பரிசோதனை இல்லாமல் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. வாய் வழியாகக் குழாய் விடுவதும் சில நிமிட வேலைதான். தொண்டை மரத்துப்போக மருந்து கொடுப்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பசி எப்படி, மலம் எப்படி, எடை குறைந்ததா, மார்பில் கட்டி உண்டா, முன்பு ஏதாவது புற்றுநோய்க்கு வைத்தியம் செய்துகொண்டதுண்டா, தாய் தந்தை கூடப்பிறந்தவர் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று அத்தனையும் சொல்லுங்கள். பல வருஷத்துக்கு முன் மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் செய்ததாக இருந்தாலும் மறைக்காதீர்கள். பழைய சீட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள்.

என்ன வைத்தியம்?

கட்டி சினைப்பையிலேயே தோன்றியிருந்தால், பெரும்பாலும் ஆபரேஷனும் அதற்கேற்ற மருந்தும் கொடுப்பார்கள். வெளியிலிருந்து வந்ததாக இருந்தால், வேருக்கு ஏற்ற வைத்தியம். இரைப்பையிலிருந்து வந்திருந்தால் இரைப்பைப் புற்றுக்குரிய மருந்தை இரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். சிலருடைய கட்டியில் ஹெர்-2 என்னும் புரதம் அதிகமாக இருக்கும். அதைச் சோதித்து, அதற்கென்றே உள்ள மருந்தையும் சேர்ப்பார்கள். குடலிலிருந்து வந்திருந்தால், மருந்தோடு சினைப்பைக் கட்டியை ஆபரேஷன் செய்து எடுப்பதும் பல சமயம் பயன் தரும். மார்பகத்திலிருந்து வந்திருந்தால், பலருக்கு ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் உதவும்.

வேரைத் தேடாமல் சினைப்பைக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு வீடு திரும்பினால், நோய் உள்ளேயே இருக்கும். பணமும் போகும், நாளும் போகும்.

உள்ளதை உள்ளபடி சொல்வதும் எங்கள் கடமை. சினைப்பை வரை பரவிவிட்ட புற்றுநோய் கடுமையானது. இரைப்பையிலிருந்து வந்ததாக இருந்தால் முழுக்கக் குணமாவது அபூர்வம். குடலிலிருந்தோ மார்பகத்திலிருந்தோ வந்தது சிலருக்கு நீண்ட நாள் கட்டுப்பட்டு இருப்பதுண்டு. முழுக் குணம் கிடைக்காதபோதும் வைத்தியத்தால் ஆயுள் நீடிக்கும், வலி குறையும், வயிற்றிலிருந்து நீரை எடுத்து மூச்சுத் திணறலைத் தணிக்க முடியும். கடைசிவரை வலியில்லாமல் இருப்பது நோயாளியின் உரிமை. அதற்கென்றே வலி தணிப்புச் சிகிச்சை இருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மூலம் வீடு தேடி வந்தும் இந்தச் சிகிச்சை தருகிறார்கள்.

"கேன்சர்னா செலவு பண்ணி என்ன புண்ணியம்" என்று கைவிட்டுவிடாதீர்கள். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-ஆம் ஆண்டில் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையிலும் சிகிச்சை கிடைக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அது உதவும். நிலத்தை விற்பதற்கு முன், அடகு வைப்பதற்கு முன், ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வேரை முன்னாலேயே தடுக்க முடியுமா?

நலமாக இருக்கும் எல்லாப் பெண்களுக்கும் செய்து, சினைப்பைப் புற்றை முன்கூட்டியே பிடித்துவிடும்படியான பரிசோதனை இன்றுவரை இல்லை. ஆனால் வேர்களைப் பற்றி நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்றொரு கிருமி தங்குவதுண்டு. 1982-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய டாக்டர்கள் வாரன், மார்ஷல் இருவரும் இதைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2005-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்கள். இந்தக் கிருமி இரைப்பைப் புண்ணுக்கும், நாளடைவில் சிலருக்குப் புற்றுக்கும் காரணமாகிறது. கிருமி உள்ள எல்லோருக்கும் புற்று வருவதில்லை. ஆனால் விடாத வயிற்றுப் புண் உள்ளவர்கள் சோதித்து, டாக்டர் சொன்னபடி முழு நாளும் மருந்து சாப்பிட்டால் கிருமியை ஒழித்துவிடலாம். பாதியில் நிறுத்தக் கூடாது.

பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை, சாராயம் இவற்றை விடுங்கள். உப்பு மிகுந்த கருவாடும் ஊறுகாயும் தினசரி வேண்டாம். கீரை, காய், பழம் தினமும் சேருங்கள். மலத்தில் இரத்தம் கண்டால் "மூலம்தானே" என்று விடாமல் காட்டுங்கள். 30 வயதான பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகத்தையும் கர்ப்பப்பை வாயையும் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். வெட்கப்படாமல் போங்கள். குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு இரைப்பை, குடல், மார்பகம், சினைப்பைப் புற்று இருந்திருந்தால், அதை டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை

நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறார்கள். அவர்கள் தட்டில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. தன் உடம்பைப் பற்றி அவர்களாகச் சொல்லவும் மாட்டார்கள். மாட்டுக்குத் தீனி இறங்கவில்லை என்றால் அன்றே வைத்தியரைத் தேடுகிறோம். மனைவி ஆறு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை நாம் கவனித்தோமா?

வாரத்தில் ஒரு வேளையாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். "ஏன் இவ்வளவு கொஞ்சம் சாப்பிடறே?" என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்கள். வெளியில் பெஞ்சில் உட்கார்ந்துவிடாமல் உள்ளே போய், தெரிந்ததைச் சொல்லுங்கள். ஆபரேஷன் மேலும் அவள் மேலும் பழி சொல்லும் பேச்சு வீட்டில் எழுந்தால், நீங்கள்தான் அதை நிறுத்த வேண்டும்.

நாம் சொன்ன கதையில் வரும் அந்த அம்மாளுக்கு இப்போது இரைப்பைக்குரிய மருந்து ஏற்றுகிறார்கள். வயிற்று நீர் வடிந்திருக்கிறது. கொஞ்சம் கஞ்சி இறங்குகிறது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை கணவர் பஸ்ஸில் அழைத்துப் போகிறார். அந்த நாட்களில் மாட்டை மாமியார் பார்த்துக்கொள்கிறார். முழுக் குணம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். அந்த ஆறு மாதத்தை உங்கள் வீட்டில் இழந்துவிடாதீர்கள் என்பதற்காகவே இந்த ஏட்டை எழுதினோம்.

நினைவில் வையுங்கள்

1. சினைப்பைக் கட்டியின் வேர் வேறு உறுப்பிலும் இருக்கலாம்.

2. வயிறு உப்புதலோடு பசி மந்தமும் மெலிவும் சேர்ந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

3. அடிவயிற்றுக்குக் காட்டப் போனாலும் சாப்பாடு, மலம், மார்பகம், பழைய நோய் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

4. கருத்தடை ஆபரேஷனால் புற்றுநோய் வராது.

5. சதைப் பரிசோதனைக்கு மறுக்காதீர்கள்.

6. புற்றுநோய் தொத்தாது. நோயுற்றவரை ஒதுக்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள். 104 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம்.

படித்து முடித்ததும் இந்த ஏட்டை அடுத்த வீட்டாரிடம் கொடுங்கள்.